வால்வு ஆம்ப்ளிஃபயர்: கரையோர வீடுகளுக்குச் சில குறிப்புகள்

வெற்றிடக் கண்ணாடிக் குழலுக்குள் சூடேறும் கத்தோட்டு வெளிவிடும் இலத்திரன்களால் ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர், 1925இல் தொடங்கிய கொழும்பு வானொலியின் காலத்துத் தொழில்நுட்பமே எனினும், இன்றும் கையால் கட்டப்பட்டு வருகிறது.

மதுரங்குளி போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று வால்வின் ஊசிகளிலும் அவை செருகப்படும் சாக்கெட்டிலும் அரிப்பை உண்டாக்குவதால், கரகரப்பு எழுந்தவுடன் புது வால்வு வாங்க ஓடாமல், மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, ஊசிகளைத் துடைத்து மீண்டும் செருகிப் பார்ப்பதே சிக்கனம்.

இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ற் ஆகையால், 220 வோல்ற்றுக்கெனச் சுற்றிய மின்மாற்றியைப் பொருத்தினால், கத்தோட்டைச் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ற்றுக்குப் பதிலாக ஏறத்தாழ 6.6 வோல்ற் செல்லும். உயர் வோல்ற்றளவும் அதே விகிதத்தில் ஏறும்.

ஒற்றை இஎல்84 வால்வு தருவது சுமார் 5 வாற்றே என்பதால், 90 டெசிபெலுக்கு மேற்பட்ட உணர்திறனுள்ள ஒலிபெருக்கியே பொருந்தும். ஒலிபெருக்கியை இணைக்காமல் இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகலாம், அதுதான் பெரும்பாலும் விலை கூடிய உறுப்பு.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மின்னேற்றத்தைத் தேக்கும் கொள்ளளவிகள் ஆளியை அணைத்த பின்னும் 300 வோல்ற் வரை வைத்திருக்கக்கூடும் என்பதாகும். ஆகவே அவற்றின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாற் தடையொன்றை நிரந்தரமாகப் பற்றவைத்து, மீற்றரில் அளந்து பார்த்த பின்னரே உள்ளே கைவைக்க வேண்டும்.