தீர்மானம் செய்வது எப்படி? செல்மாப் பாலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை



தலையான நான்கு புண்ணியங்களில் விவேகம் முதலாவது என்று ஞானோபதேச வகுப்பில் கற்றிருப்பீர்கள். ஆனால் விவேகி என்றால் எதிலும் தலையிடாமல் ஒதுங்கி வாழ்கிறவன் என்றே நம்மில் அநேகர் எண்ணுகிறோம். அர்ச். தோமாஸ் அக்வினாஸ் அப்படிப் போதிக்கவில்லை. ஆலோசித்தல், தீர்மானித்தல், தீர்மானித்ததை நடத்துவித்தல் ஆகிய மூன்றும் விவேகத்தின் வேலை என்றும், அவற்றில் மூன்றாவதே பிரதானம் என்றும் அவர் கூறுகிறார். இதை வெறும் வாய்ப்பாடாகப் படித்தால் மனதில் நில்லாது. ஆகையால் உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து ஆராய்வோம். இராச் செபம் முடிந்தபின் வீட்டில் எல்லோருமாகப் பேசுவதற்கும் இது ஏற்றது.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம். அதில் செல்மா ஒரு சிறு பட்டணம். 1965-ம் ஆண்டு ஆரம்பத்தில் செல்மாவிலும் சுற்றுப்புறத்திலும் ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். ஆனாலும் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். பெயரைப் பதியச் சென்றால் கடினமான பரீட்சை. பதிவு அலுவலகம் திறந்திருப்பதோ மாதத்தில் இரண்டே நாள். வரிசையில் நின்றவன் வேலையை இழப்பதும் உண்டு. பிப்ரவரி 18-ந் தேதி, அருகிலுள்ள மேரியன் என்னும் ஊரில், ஜிம்மி லீ ஜாக்ஸன் என்ற 26 வயது வாலிபரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டார். எட்டு நாளில் அவர் மரித்தார். அவரைக் கடைசிவரை கவனித்தது செல்மாவில் நம் கன்னியர் பணிபுரிந்துவந்த நல்ல சமாரியன் மருத்துவமனை.

அதன்பேரில், தலைநகரான மான்ட்கோமரிக்கு 54 மைல் நடந்துபோய் ஆளுநரிடம் முறையிடுவது என்று முடிவாயிற்று. மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டினார்கள். மறுபுறத்தில் காத்திருந்த மாநிலப் போலீஸார் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அவர்களைத் தாக்கி விரட்டினார்கள். முன்வரிசையில் சென்ற ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. இந்த லூயிஸ் ஒரு மாணவர் இயக்கத்தின் தலைவர். அந்த இயக்கமோ இந்த நடைப்பயணத்தில் சேருவதில்லை என்று சற்றுமுன்தான் தீர்மானித்திருந்தது. ஆகவே அவர் தனி மனிதராக நடந்தார். தலைவர் தம் சபையின் முடிவை விட்டு இப்படிப் போகலாமா என்பதைப் பற்றியே ஒரு மாலை முழுவதும் பேசலாம். ஆனால் நாம் ஆராயவேண்டியது அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையை.

போராட்டத்தின் பெருந்தலைவரான போதகர் மார்ட்டின் லூதர் கிங், ஞாயிறன்று தம் ஊராகிய அட்லாண்டாவில் இருந்தார். செய்தி எட்டியதும் இரண்டு காரியங்கள் செய்யப்பட்டன. செவ்வாயன்று மறுபடியும் நடப்போம், வாருங்கள் என்று நாடெங்குமுள்ள குருக்களுக்கும் போதகர்களுக்கும் தந்திகள் சென்றன. திங்களன்று வக்கீல்கள் மத்திய நீதிமன்றத்துக்குப் போய், நடப்பவர்களைப் போலீஸார் தடுக்காதபடி உத்தரவு வேண்டினார்கள். இரண்டும் நல்ல காரியங்களே. ஆயினும் ஒன்று மறுநாளே நடக்கச் சொல்கிறது. மற்றதோ நீதிபதி விசாரித்து முடிக்கும்வரை காத்திருக்கச் செய்கிறது. செவ்வாயன்று வந்த நெருக்கடியில் பாதி இங்கேதான் பிறந்தது. நம் வீடுகளிலும் இப்படி நடப்பதுண்டு அல்லவா? தகப்பன் ஒருவருக்கு வாக்குக் கொடுப்பார், தாய் இன்னொருவருக்கு. இரண்டும் ஒரே நாளில் வாசலில் வந்து நிற்கும்.

விசாரணை முடியும்வரை நடக்கக்கூடாது என்று நீதிபதி பிராங்க் ஜான்ஸன் தடை உத்தரவு போட்டார்.

இப்போது உங்களைக் கிங்கின் இடத்தில் வைத்துப் பாருங்கள். செவ்வாய் காலை. ஏறக்குறைய 2,000 பேர் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலர் உங்கள் தந்தியைக் கண்டு தூரதேசத்திலிருந்து வந்தவர்கள். போகவில்லை என்றால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? ஞாயிறன்று அடிபட்டவர்களுக்கு என்ன பதில்? போனாலோ, அதுவரை நீங்கள் மீறாத மத்திய நீதிமன்ற உத்தரவை மீறினவர் ஆவீர்கள். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குக் கொஞ்சமேனும் நியாயம் கிடைத்தது அந்த நீதிமன்றங்களில்தான். 1956-ல் மான்ட்கோமரி பஸ்களில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தவர்களில் இதே ஜான்ஸனும் ஒருவர். இதற்கிடையில் ஜனாதிபதி அனுப்பிய லெராய் காலின்ஸ் என்பவர் விடியற்காலையில் வந்து ஒரு நடுவழி சொல்கிறார்: பாலத்தைத் தாண்டுங்கள், போலீஸ் வரிசைக்கு முன் நின்று செபியுங்கள், திரும்பிவிடுங்கள், அடி விழாதபடி அவர்களிடம் நான் பேசுகிறேன். யோசிக்கச் சில மணி நேரந்தான் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? மேலே படிக்குமுன் வீட்டிலுள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கிங் பாலத்தைத் தாண்டினார். போலீஸாருக்கு எதிரே எல்லோரும் முழங்காலிட்டுச் செபித்தார்கள். எழுந்தபோது, போலீஸார் திடீரென விலகி வழியைத் திறந்துவிட்டார்கள்! கிங் அந்த வழியே போகவில்லை. கூட்டத்தைத் திருப்பி நடத்திக்கொண்டு பட்டணத்துக்கு வந்தார். பின்னால் வந்தவர்களில் மிகப் பலருக்கு ஏன் திரும்புகிறோம் என்பதே தெரியாது.

அன்றிரவு, பாஸ்டனிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் ரீப் என்ற போதகரை வெள்ளையர் சிலர் தெருவில் தாக்கினார்கள். இரண்டு நாளில் அவர் மரித்தார். இதைக் காட்டி, கிங்கின் தீர்மானம் தவறு என்பாரும் உண்டு. அது சரியான அளவுகோல் அல்ல. அந்தக் கொலைப் பாவம் அடித்தவர்களுடையது. வைத்தியர் ஏற்ற மருந்தைக் கொடுத்தும் நோயாளி மரிப்பதுண்டு. ஆகவே ஒரு தீர்மானத்தை அதைச் செய்தவருக்கு அப்போது தெரிந்திருந்ததைக் கொண்டே அளக்கவேண்டும். அவ்விதம் அளந்தால் திரும்பியது சரி என்பதே என் எண்ணம். திறந்துவிட்ட வழி ஒரு கண்ணியாக இருந்திருக்கலாம். 54 மைல் நெடுக உணவோ, இராத் தங்க இடமோ ஆயத்தமாகவில்லை. நீதிமன்றத்தின் துணையையும் இழக்கலாகாது.

குறை வேறோரிடத்தில் இருக்கிறது. அர்ச். தோமாஸ் சொன்ன மூன்றையும் நினைவுகூருங்கள். கிங் ஆலோசித்தார், தீர்மானித்தார், மூன்றாவதில் இடறினார். தீர்மானத்தைத் தம் பின்னால் வந்தவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் பிளந்துபோகும் என்று நியாயம் காட்டலாம். ஆயினும் அவர்கள் உயிரையும் கொடுக்கத் துணிந்து பாலத்தில் ஏறினவர்கள். மறைவாக ஓர் ஏற்பாடு இருந்தது என்று தெரியவந்தபோது இளைஞர்கள் கொதித்தார்கள். ஒன்றாய்ப் போராடினவர்களுக்குள் அந்தக் கசப்பு நெடுநாள் நீடித்தது. போலீஸாரின் தடி செய்யாததை இந்த மௌனம் செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

செல்மாவிலிருந்த நம் குருக்களின் காரியத்தையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். எட்மண்ட் சபைக் குருக்கள் 1937 முதல் அங்கே கறுப்பின மக்களிடையே உழைத்துவந்தார்கள். ஆர்ப்பாட்டங்களில் சேரக்கூடாது என்று அதிமேற்றிராணியார் டூலன் அவர்களுக்குத் தடை விதித்திருந்தார். மனச்சாட்சி ஒரு பக்கம், கீழ்ப்படிதல் மறு பக்கம். அவர்கள் நடக்கவில்லை, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு உணவும் படுக்கையும் கொடுத்து உபசரித்தார்கள். கன்னியரின் மருத்துவமனை ஞாயிறன்று இரத்தத்தோடு வந்தவர்களை ஏற்றுக் காயம் கட்டியது. அந்தக் குருக்கள் செய்தது விவேகமா, அல்லது பாதி விவேகந்தானா? பிள்ளைகளையும் பேசவிடுங்கள், அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொல்வார்கள்.

நீதிமன்ற விசாரணை நடந்தது. இந்த முறை எந்தப் பாதையில் செல்வது, எங்கே தங்குவது, உணவு எப்படி வரும் என்ற விவரமெல்லாம் எழுத்தில் நீதிபதி முன் வைக்கப்பட்டது. மார்ச் 17-ந் தேதி அவர் அனுமதி கொடுத்தார்; சாலை குறுகிய பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக்கூடாது என்பது நிபந்தனை. 21-ந் தேதி ஞாயிறன்று ராணுவக் காவலுடன் 3,000-க்கு மேற்பட்டோர் பாலத்தைத் தாண்டினார்கள். 25-ந் தேதி அவர்கள் மான்ட்கோமரியை அடைந்தபோது கூட்டம் 25,000 ஆகியிருந்தது. வாக்குரிமைச் சட்டம் ஆகஸ்ட் 6-ந் தேதி கையெழுத்தாயிற்று.