கரிசலில் முத்துக் குளிக்கலாமா?

"மாடியில சிமென்ட் தொட்டி கட்டி ஆயிரம் சிப்பி விட்டாப் போதும், ஒன்றரை வருசத்துல அஞ்சு லட்சம்!" கழுகுமலையிலும் கோவில்பட்டியிலும் இந்தப் பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. உளுந்தில் நஷ்டப்பட்டவரும், தீப்பெட்டி ஆபீசை மூடியவரும் செல்போனில் வீடியோவைக் காட்டி, "சார், இறங்கலாமா?" என்கிறார்கள். மீன்வளம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இறங்காதீர்கள்.

முத்து விளையும், அதில் சந்தேகமே இல்லை. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் 1973இலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சுவாமி கடற்சிப்பியில் விளைவித்துக் காட்டிவிட்டார். குளத்துச் சிப்பிக்கான முறையைப் புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கியது. விளைவது வேறு, கட்டுபடியாவது வேறு. இத்தனை விஞ்ஞானிகள் பக்கத்தில் இருந்தும் மன்னார் வளைகுடாவில் முத்து வளர்ப்பு ஒரு தொழிலாக வேரூன்றவில்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது சிப்பியின் விலை மட்டும்தான். செலவிலேயே சின்னது அதுதான். சிப்பியை லேசாகத் திறந்து, சதைக்கும் ஓட்டுக்கும் நடுவே, முத்து மேலே படிவதற்கான அச்சு வைக்க வேண்டும்; கை பழகாதவர் செய்தால் சிப்பி செத்துவிடும். அச்சு வைத்த பிறகு பத்து நாள் மருந்துத் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் நைலான் பையில் தொங்கவிட்டு 12 முதல் 18 மாதம் காத்திருக்க வேண்டும். இதில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் சாகும். பிழைத்ததிலும் சில அச்சைத் துப்பிவிடும், சிலவற்றில் பளபளப்பே ஏறாது. ஆயிரம் சிப்பிக்கு மொத்தச் செலவு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வீடியோக்காரர் ஆயிரத்தால் வகுத்து, ஒன்றுக்கு 100 ரூபாய் என்பார். விலைபோவது 300 முத்துதான் என்றால் அடக்கவிலை 333 ரூபாய். எதால் வகுப்பது என்று தெரியாமல் ஏன் பணத்தைப் போடுகிறீர்கள்?

அந்த 333 ரூபாய்க்கு யார் வாங்குவார்? உலக நன்னீர் முத்துச் சந்தை சீனாவின் கையில் இருக்கிறது. அங்கே ஒரே சிப்பியில் பத்து, இருபது என்று முத்து எடுக்கிறார்கள். "நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று ஒப்பந்தம் நீட்டுபவருக்குச் சிப்பியும் பயிற்சியும் விற்ற அன்றைக்கே லாபம் வந்துவிட்டது. இதே வாக்குறுதியை நம்பிப் பணம் போட்டவர்கள் ஏமாந்த பெருந்துறை ஈமு கோழி விவகாரம் வெடித்தது 2012இல். அதற்குள் மறந்துவிட்டதா?

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். நம் பக்கம் வருடத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பங்குனியில் கண்மாய் வெடித்துக் கிடக்கும் ஊரில், சித்திரை வெயிலையும் தாங்கி 18 மாதம் நிற்கும் தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? உப்பு ஏறிய போர் தண்ணீரை மாடித் தொட்டியில் நிரப்பினால், அது ஆவியாக ஆவியாக உப்பு இன்னும் கூடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சுவாதி மழைத்துளி முத்தாகாது. சிப்பிக்குள் புகுந்த உறுத்தலைச் சுற்றிப் படியும் சுண்ணாம்புதான் முத்து. எல்லாச் சிப்பியிலும் அது இருக்காது. "சிப்பிக்குத் தீனியே வேண்டாம்" என்பது பாதி உண்மை: அது தண்ணீரை வடிகட்டி நுண்பாசியைத் தின்னும் உயிர். குடிதண்ணீர் மாதிரி தெளிந்த நீரில் விட்டால் பட்டினிதான். கடல் முத்தின் விலைப்பட்டியலைக் காட்டிக் குளத்து முத்துக்கு விலை பேசுபவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

பணம் கையில் இருக்கிறதா? நம் கண்மாயைப் பாருங்கள். சீமைக்கருவேல் மண்டி, மண் மேடிட்டு, நிற்க வேண்டிய தண்ணீரில் பாதிகூட நிற்பதில்லை. 2024 முதல் வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் வண்டலை இலவசமாக அள்ளலாம். புஞ்சைக்கு உரமாச்சு, கண்மாய்க்கு ஆழமாச்சு. மீன் வளர்க்க நாலைந்து மாதம் தண்ணீர் நின்றால் போதும். கண்மாய் மீனை ஏலம் எடுத்தவரோடு கூட்டுச் சேர்ந்து, விரல் நீளக் குஞ்சுக்குப் பதிலாக ஒரு வருடம் நெருக்கமாக விட்டு, வளர்ச்சியை மட்டுப்படுத்தி வளர்த்த கட்லா, ரோகுக் குஞ்சுகளை விடுங்கள். கோடைக்குள் எடைக்கு வந்துவிடும். கண்மாய்க் கரையிலேயே தராசு வைத்துக் காசு வாங்கலாம்.