யுகடான் யாத்திரை

சிரஞ்சீவி கண்ணனுக்கு,

மெக்ஸிகோ தேசத்து யுகடான் பிரதேசத்தை, முதுகில் ஒரு பையோடு பஸ்ஸிலேயே சுற்றிவர நீ நிச்சயித்திருப்பதாக எழுதியிருந்தாய், மிக்க சந்தோஷம். அங்கே போகிறவர்களில் பலர், மாயா மக்களின் புராதனக் கோயில்களையும் ஸ்பானியர் நிர்மாணித்த நகரங்களையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காட்சிகளாகக் கண்டு திரும்பிவிடுகிறார்கள். நீ இரண்டையும் ஒரே சரித்திரமாகப் பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம்.

மெரிதாவிலிருந்து புறப்படு. 1542-ஆம் ஆண்டில் மொந்தேஹோ என்ற ஸ்பானியத் தளபதி அதை ஸ்தாபித்தபோது அங்கே தோ என்னும் மாயா நகரம் இருந்தது. அதன் கோயில்களிலிருந்து பெயர்த்தெடுத்த கற்களைக் கொண்டே, 1598-இல் பூர்த்தியான பெரிய தேவாலயத்தை எழுப்பினார்கள். அடுத்து, மஞ்சள் வர்ணம் பூசிய வீடுகள் நிறைந்த இசமாலுக்குப் போ. அங்கே பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் ஒரு மாயா கோயிலின் அடித்தளத்தின்மீதே அமர்ந்திருப்பதையும், சற்றுத் தொலைவில் கினிச் காக்மோ பிரமிடு உயர்ந்து நிற்பதையும் ஒருங்கே காண்பாய்.

இம்மடத்தைக் கட்டுவிப்பதில் முன்னின்ற தியேகோ தெ லாந்தா என்னும் பாதிரியார்தாம், 1562-இல் மானி என்ற ஊரில் மாயா ஏடுகளைத் தீக்கிரையாக்கியவர். எனினும் அம்மக்களின் எழுத்தைப்பற்றி அவர் பின்னர் எழுதிவைத்த குறிப்புகளே, யூரி க்னோரசோவ் என்ற ரஷ்ய அறிஞர் 1952-இல் அவ்வெழுத்தின் மர்மத்தை அவிழ்க்கத் துணைபுரிந்தன.

இவ்வளவையும் மனத்தில் இருத்திக்கொண்டு, வயாதோலித் நகரில் இரவு தங்கி, வெயில் ஏறுமுன் முதல் பஸ்ஸில் சிச்சேன் இட்சாவை அடைந்துவிடு. அங்குள்ள பெரும் பிரமிடின் நான்கு புறங்களிலும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சி மேடையையும் சேர்த்தால் 365, அதாவது வருஷத்தின் நாட்கள். இரவும் பகலும் சமமாகும் காலத்தில், வடபுறப் படிக்கட்டின் ஓரச்சுவரில் விழும் ஒளியும் நிழலும் ஒரு சர்ப்பம் இறங்கிவருவது போன்ற தோற்றத்தை அளிக்கும். வான சாஸ்திரத்தில் இத்துணை தேர்ச்சி பெற்ற ஜனங்களின் ஏடுகள் அல்லவா எரிந்தன என்று எண்ணும்போது, மானியில் நேர்ந்த நஷ்டத்தின் அளவு உனக்கு விளங்கும்.

இன்னும் ஒன்று: கூடியவரையில், கிராமங்கள்தோறும் நின்று செல்லும் இரண்டாம் வகுப்பு பஸ்ஸிலேயே போ. பூவேலை செய்த வெண்ணிற ஹுய்பில் என்னும் உடை அணிந்து உன் பக்கத்து ஆசனத்தில் அமரும் மூதாட்டி, தன் பேத்தியிடம் மாயா பாஷையில் பேசக்கூடும். மாயா இனமே மறைந்துபோயிற்று என்று எழுதும் புத்தகங்களை நம்பாதே. மறைந்தவை அவர்களுடைய அரசுகளே. ஆகையால் அம்மூதாட்டியிடம் மரியாதையோடு ஊர்ப்பெயர் கேட்டு, வழி கேட்டு, சொல்வதைப் பொறுமையாகக் கேள். அந்தக் கோயில்களைக் கட்டியவர்களின் சந்ததியாரை அறியாமல் கோயில்களை மட்டும் அறிந்து திரும்புவது பூர்த்தியான யாத்திரை ஆகாது.

இப்படிக்கு,
உன் சிற்றப்பா