ஹெரால்டுக்குள் டர்போ: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையைப் பிடித்து மேற்கே போனால் ஒரகடம் வந்துவிடும். சாலை தொடங்கும் வண்டலூர்ப் பக்கத்தில்தான் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டு கார்களைச் செய்தது. நான்கு சிலிண்டர், 948 சிசி, ஏறத்தாழ 35 குதிரைத்திறன். இன்று ஒரகடத்தில் உருவாகும் நிசான் மேக்னைட்டின் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் 100 குதிரைத்திறன் தருகிறது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் 2019-ல் வென்யூவுக்குக் கொடுத்த ஒரு லிட்டர் டர்போ 120 தருகிறது. கொள்ளளவு கிட்டத்தட்ட அதேதான். வலு மட்டும் மூன்று மடங்கு. பழைய கார்மேல் பிரியம் வைத்த எவருக்கும் அடுத்த எண்ணம் தானாகவே வரும்: இதை இறக்கி அதில் ஏற்றினால் என்ன?

ஆசை நியாயமானது. ஹெரால்டு வெறும் குடும்பக் கார் அல்ல. இங்கிலாந்தில் அதன் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் அதைப் படைத்த டிரையம்ப் நிறுவனம் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் அங்கே ஹெரால்டுகளும் சீறின. பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பதால், எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்து வேலை பார்க்க இதைவிட வசதியான கார் கிடைப்பது அரிது. இந்த வசதியே முதல் தவறான நம்பிக்கைக்கு விதை போடுகிறது.

“எஞ்சின் சின்னது, இடம் தாராளம், மவுண்டிங் அடித்தால் உட்கார்ந்துவிடும்” என்பார்கள். இந்த மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின்கள் உட்காரும், ஐயமில்லை. ஆனால் இந்தக் காலத்துச் சிறிய டர்போ எஞ்சின்கள் முன்சக்கரம் இழுத்து ஓடும் கார்களுக்காகக் குறுக்குவாட்டில் படுக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள் எஞ்சினோடு ஒட்டியே வருகின்றன. ஹெரால்டிலோ எஞ்சின் நெடுக்குவாட்டில் நிற்கிறது. புரொபல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்துக்கு வலு போகிறது. ஆகவே வேறொரு நெடுக்குவாட்டு கியர்பாக்ஸைத் தேடி, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே அடாப்டர் பிளேட் கடைந்து, ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார் மூன்றையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் மையமும் மயிரிழை விலகினாலும் பேரிங்கும் கிளட்சும் சீக்கிரமே போய்விடும். பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ளலாமா என்றால், அது சுமார் 65 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்காகப் பிறந்தது. மேக்னைட் டர்போ 160, வென்யூ டர்போ 172.

எஞ்சினையும் அதன் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் அப்படியே ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துவிடுவது இன்னொரு வழி. ஃபியட் 1972-ல் தன் 128 காரின் முன்சக்கர இயக்கத் தொகுதியைப் பின்னால் தள்ளி எக்ஸ்1/9 என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. கோவை கரிவர்தன் 1980-களின் இறுதியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதியிலும் மாருதி 800-இன் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னேதான் இருந்தது. அந்த இரண்டு கார்களும் அதற்கென்றே புதிதாகக் கட்டப்பட்டவை. ஹெரால்டில் அதைச் செய்தால் பின்சீட்டும் போகும், பின்பக்கச் சேஸிஸும் போகும். மிஞ்சுவது ஹெரால்டின் தகரம் மட்டுமே.

இரண்டாவது நம்பிக்கை இதைவிட ஆபத்தானது: “முதலில் வலுவை ஏற்றுவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” இதற்குப் பதில் சொல்ல வேறெங்கும் போக வேண்டாம், ஹெரால்டின் சொந்த வரலாறே சொல்கிறது. ஏனென்றால் ஹெரால்டில் பெரிய எஞ்சினை முதலில் வைத்துப் பார்த்தது டிரையம்ப் நிறுவனமேதான். 1962-ல் அதே சேஸிஸில் 1.6 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை ஏற்றி வைட்டெஸ் என்று விற்றார்கள். 1966-ல் ஸ்பிட்ஃபயர் உடலில் இரண்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தி ஜிடி6 என்று பெயரிட்டார்கள். நேர்சாலையில் அது பறந்தது. வளைவில்தான் சிக்கல்.

ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில் அமைப்பு கொண்டது. டிஃபரென்ஷியல் சேஸிஸோடு கட்டப்பட்டிருக்க, அரை ஆக்சில்கள் இரண்டும் அங்கிருந்து இறக்கைபோல் மேலும் கீழும் ஆடும். வேகமாக வளைவில் நுழைந்த ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் எடை முன்னே சாயும், பின்பகுதி மேலெழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடிந்து உள்ளே போகும். டயர் ஓரத்தில் நிற்கும் அந்த நொடியில் பிடிமானம் போய், பின்பகுதி சுழன்றுவிடும். 35 குதிரைத்திறனில் இந்தக் கணம் அபூர்வம். இரண்டு லிட்டரில் அடிக்கடி வந்தது. விமர்சகர்கள் வெளுத்து வாங்கினார்கள். 1968-ல் டிரையம்ப் கீழே விஷ்போன் சேர்த்துப் பின்பக்கச் சஸ்பென்ஷனையே மாற்றியது. காரைப் படைத்த நிறுவனத்துக்கே எஞ்சினை மாற்றிய பிறகு சேஸிஸைச் சரிசெய்ய ஆண்டுகள் பிடித்தன. சென்னையிலும் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த கெஸல் காரில் ஸ்விங் ஆக்சிலைக் கைவிட்டு, சாதாரண இறுக்கமான ஆக்சிலுக்கு மாறியது. கெஸலில் இருந்ததோ அதே 948 சிசி எஞ்சின்தான்!

பிரேக் கணக்கும் இதே வழிதான். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் காரைவிட 140-ல் ஓடும் காரை நிறுத்த ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றலை வெப்பமாக்கியாக வேண்டும். டிரம் பிரேக் அந்தச் சூட்டில் சோர்ந்துபோகும். பட்ஜெட் போடுகிறவர் பிரேக், பின் சஸ்பென்ஷன், டயர், ஸ்டியரிங் நான்கையும் எழுதிவிட்டு, ஐந்தாவது வரியில் எஞ்சினை எழுதுவது நல்லது.

“புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் எஞ்சினோடு அதன் கணினியான இசியுவும் வாங்கிவிட்டால் மற்றது வயரிங் வேலைதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய எஞ்சினின் இசியு தனியாக யோசிப்பதில்லை. சாவியின் இம்மொபிலைசர், ஆக்சிலரேட்டர் பெடலின் சென்சார், சக்கர வேகச் சென்சார், காரின் மற்றக் கணினிகள் எல்லாவற்றோடும் அது பேசிக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் ஸ்டார்ட் ஆகாது, அல்லது பாதி வலுவில் தத்தளிக்கும். வெளிச்சந்தை இசியு போடலாம். ஆனால் டைனோ வைத்திருக்கும் அனுபவசாலி ஒருவர் எரிபொருளையும் இக்னிஷனையும் ஒவ்வொரு வேகத்திலும் பூஸ்டிலும் அளந்து அமைக்க வேண்டும். டர்போவில் கலவை மெலிந்தாலோ எஞ்சின் தட்டினாலோ பிஸ்டன் ஓட்டையாகச் சில விநாடிகள் போதும்.

எண்ணெயையும் மறக்கக் கூடாது. டர்போவுக்கு அழுத்தத்தோடு போகும் ஆயில், வெளியேறும்போது புவியீர்ப்பில் தானாக வடிய வேண்டும். பானெட் மூடவில்லை என்று எஞ்சினைச் சாய்த்து வைத்தால் அந்த வடிகால் கெடும். டர்போ சீல் வழியாக ஆயில் கசிந்து சைலன்சரில் நீலப் புகை வரும். கத்திரி வெயிலில் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்துக் காற்று எங்கிருந்து வரும் என்பதையும், பழைய ரப்பர் குழாய்கள் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்பதையும் காகிதத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

“ரேஸ் கார்களில் செய்கிறார்களே!” செய்கிறார்கள்தான். 1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடிய ஃபோக்ஸ்வேகன் அமியோ கோப்பைக் கார்களே நல்ல உதாரணம். ஷோரூமில் 1.2 லிட்டர் பெட்ரோலோடு விற்ற அமியோவில் 2017-ல் 200 குதிரைத்திறனைத் தாண்டிய 1.8 லிட்டர் டர்போவை வைத்தார்கள். கூடவே பந்தய கியர்பாக்ஸ், உடலை இறுக்கும் ரோல் கேஜ், பந்தய பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் வந்தன. செய்தது காரைத் தயாரித்த நிறுவனத்தின் பந்தயப் பிரிவு. முக்கியமாக, அவை தடத்தில் மட்டுமே ஓடிய கார்கள்.

கடைசி நம்பிக்கை சட்டம் பற்றியது: “ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணை மாற்றி எழுதிவிட்டால் போதும்.” மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சினை அனுமதியோடு பொருத்துவது வேறு. நான்கு சிலிண்டர், 948 சிசி என்றிருக்கும் இடத்தில் மூன்று சிலிண்டர் டர்போவைப் பொருத்துவது வேறு. 2019 திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கும். ஒரகடத்திலேயே வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறதே, அங்கே சான்றிதழ் வாங்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே நடப்பது தயாரிப்பாளர்கள் கொண்டுவரும் மாடல்களுக்கான சோதனை. சிஎன்ஜி, எல்பிஜி, மின்சாரம் ஆகியவற்றுக்கு மாற அங்கீகரிக்கப்பட்ட கிட்களுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு இன்னொரு பெட்ரோல் எஞ்சின் வைப்பதற்கு அப்படிப்பட்ட வழி இல்லை.

ஹெரால்டு உரிமையாளர் இழப்பது இன்னொன்றும் உண்டு. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள் 50 ஆண்டைக் கடந்த, அசல் வடிவில் உள்ள கார்களுக்குத் தனிப் பதிவு தருகின்றன. சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்தால் அந்தத் தகுதி கிடையாது. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் ஹெரால்டுகள் எல்லாமே அந்த வயதைக் கடந்தவை.

டர்போவில்தான் மனம் நிற்கிறது என்றால், துருப்பிடித்து ஒதுக்கப்பட்ட உடல் ஒன்றை எடுத்துத் தடத்துக்கு மட்டுமான காராகக் கட்டுங்கள். டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோங்கள். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஹெரால்டை அறுக்க வேண்டாம். எதுவானாலும், எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள்.