404 வந்தால் தலைப்பே இல்லை என்று அர்த்தமில்லை

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2009-இல் தன் பொருள் தலைப்புகளை ஐடி.எல்ஓசி.கவ் என்ற முகவரியில் இணையச் சேவையாகத் திறந்துவிட்டது. ஆசிரியர் பெயர்கள், நூல்வகைச் சொற்கள், மொழிக் குறியீடுகள் எல்லாம் இன்று அங்கே கிடைக்கின்றன. காசும் வேண்டாம், பதிவு செய்துகொள்ளவும் வேண்டாம். எங்கள் நூலகத்தின் கோஹா மென்பொருள் பட்டியலில் இருக்கும் தலைப்புகளுக்கும் பெயர்களுக்கும் அங்கிருந்து அடையாள எண் வாங்கிச் சேர்ப்பது என் வேலை. தமிழ் நூல்கள் நிறைந்த பட்டியல் என்பதால் வரும் சிக்கல்களும் கொஞ்சம் தனி ரகம்.

தலைப்பைக் கொடுத்து எண்ணை வாங்க ‘லேபிள்’ என்றொரு வழி உண்டு. முகவரியின் வாலில் தலைப்பை ஒட்டி அனுப்ப வேண்டும். தலைப்பு இருந்தால் அதன் பக்கத்துக்குத் திருப்பிவிடும், இல்லாவிட்டால் 404. நமக்கு வேண்டிய எண், திருப்பிவிடும் பதிலின் ஹெடரிலேயே எக்ஸ்-யூஆர்ஐ என்ற பெயரில் இருக்கிறது. பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் மாதிரியான நிரல்கள் ‘கெட்’ முறையில் கேட்டால் தாமாகவே திருப்பத்தின் பின்னால் போய் முழுப் பக்கத்தையும் இறக்கிவிடும், ஹெடர் நடுவழியிலேயே நின்றுவிடும். அதனால் ‘ஹெட்’ முறையில் கேளுங்கள், பின்தொடர்தலை அணைத்துவிடுங்கள். கேட்கும் முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கட்டும். இல்லையென்றால் முதலில் வருவது பாதுகாப்பான முகவரிக்கான திருப்பம் மட்டும்தான், அதில் எண் இருக்காது. ஆனால் பட்டியலில் எழுதி வைக்கும் அடையாளம் ‘எஸ்’ இல்லாத எச்டிடிபிதான். அங்கே வரையறுத்திருப்பதே அப்படி. அழகுக்காக ‘எஸ்’ சேர்த்தால் பிற நூலகப் பதிவுகளோடு ஒப்பிடும்போது எதுவும் பொருந்தாது.

வரும் 404-களில் பெரும்பாலானவை சேவையின் கோளாறு அல்ல. நாம் அனுப்பும் எழுத்துவரிசை அங்கிருப்பதோடு அச்சு அசலாகப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். நூற்பட்டியல் வடிவமான மார்க் பதிவில், பொருள் தலைப்பு வரும் 650 புலத்தின் கடைசியில் வழக்கமாக ஒரு முற்றுப்புள்ளி இருக்கும், லேபிளில் அது கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் புள்ளியையும் வெட்டவும் முடியாது, ஏனென்றால் சில பெயர்கள் இனிஷியலிலேயே முடிகின்றன. முதலில் உள்ளபடியே கேட்பேன், கிடைக்காவிட்டால் புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி கேட்பேன். லேபிளுக்குப் பதிலாகத் தேடல் வழியில் கேள்வியாக அனுப்பும்போது பிளஸ் குறி இடைவெளியாக மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சி பிளஸ் பிளஸ் நூல்களெல்லாம் அதில்தான் தொலைந்துபோகும்.

உட்பிரிவுகளின் கதை வேறு. ‘தமிழ் இலக்கியம்’ என்ற தலைப்புக்கு எண் உண்டு. அதோடு ‘வரலாறும் திறனாய்வும்’ என்ற உட்பிரிவை இரட்டைக் கோடு போட்டுச் சேர்த்த முழுத் தொடருக்கும் எண் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பட்டியலாக்குபவர் விதி அனுமதிக்கும் இடங்களில் தாமே ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் உட்பிரிவுகளில் ஒன்று அது. அப்படி உருவாகும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனிப் பதிவு போடுவதில்லை. முழுத் தொடர் கிடைக்காதபோது கடைசிப் பகுதியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

இனி தமிழ்ப் பெயர்கள். நேரத்தைத் தின்பது இதுதான். ஏற்கப்பட்ட வடிவம் ரோமன் எழுத்தில் இருக்கும். ழ, ற, ன மூன்றுக்கும் அடியில் கோடு, ட, ண, ள மூன்றுக்கும் அடியில் புள்ளி, நெடிலுக்கு மேலே கோடு. ஜெயகாந்தன் பெயரின் கடைசி ‘ன்’னை எடுத்துக்கொள்வோம். நம் விசைப்பலகையில் அடிக்கோட்டு ‘என்’ ஒரே எழுத்தாக வரும். யூனிகோட் அதைப் பிரித்தால் ‘என்’ எழுத்தும் 0331 என்ற குறியும் கிடைக்கும். ஆனால் பழைய மார்க்-8 முறையிலிருந்து மாற்றப்பட்ட நூலகப் பதிவுகளில் அந்தக் கோடு 0332 என்ற வேறொரு குறி. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு. யூனிகோட் நார்மலைசேஷன் செய்தாலும் தீராது, ஏனென்றால் 0331-உம் 0332-உம் ஒன்றே என்று யூனிகோட் எங்கும் சொல்லவில்லை. நான் செய்வது இது: முதலில் எல்லா எழுத்தையும் பிரித்த வடிவுக்குக் கொண்டுபோவது, பிறகு 0331 வரும் இடமெல்லாம் 0332 போடுவது, அதன் பிறகு கேட்பது. நெடில் கோடும் அடிப்புள்ளியும் சேர்த்த வடிவம், பிரித்த வடிவம் இரண்டிலும் இருக்கலாம். ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதையும் அனுப்பிப் பாருங்கள். 0331-ஐ 0332 ஆக்கிய அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு எங்கள் எழுத்தாளர் பட்டியலில் ‘இல்லை’ என்று வந்த பெயர்கள் வரிசையாகக் கிடைக்கத் தொடங்கின.

எண் ஏற்கெனவே பதிவில் இருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் பழைய பதிவுகளில் முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், அதை நீக்க வேண்டும். நடுவில் இணைப்புக்கோடு இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பின்னால் வரும் பகுதியை முன்னால் சுழியம் சேர்த்து ஆறு இலக்கமாக்க வேண்டும்.

மொத்தப் பட்டியலையும் ஒரே ராத்திரியில் ஓடவிட்டால் எந்தப் பொதுச் சேவையும் கதவைச் சாத்தும். ஜேசன் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் எச்சரிக்கைப் பக்கம் வந்து நிற்கும், நிரல் அதையும் பதிலென்று எண்ணி விழுங்கிவிடும். உள்ளடக்கத்தின் வகையைச் சோதிக்காமல் எதையும் சேமிக்காதீர்கள். பெரிய வேலை என்றால் அந்தத் தளத்திலேயே முழுச் சொற்றொகுதியும் இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறது. என்-டிரிபிள்ஸ் வடிவில் ஒரு வரிக்கு ஒரு கூற்று என்பதால் சாதாரண கிரெப் போதும், உங்கள் கணினியிலேயே தேடிக்கொள்ளலாம்.

இறக்கிய கோப்பு பழசாகிவிடும். சமையல் நூல்களுக்கான ‘குக்கரி’ 2010-இல் ‘குக்கிங்’ ஆனது, அது நேருக்கு நேர் மாற்றம். 2021-இல் ‘இல்லீகல் ஏலியன்ஸ்’ கைவிடப்பட்டபோது ‘நான்சிட்டிசன்ஸ்’, ‘இல்லீகல் இமிக்ரேஷன்’ என்று இரண்டு தலைப்புகள் அதன் இடத்துக்கு வந்தன. எந்த நூலுக்கு எது என்பதை நிரல் முடிவு செய்யாது, நூலைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

404-ஐவிட எனக்குப் பயம் தருவது சுலபமாகக் கிடைத்துவிடும் பெயர். பிறந்த ஆண்டு இல்லாத ஒரு ‘சுப்பிரமணியன்’ உடனே பொருந்திவிடுவார், நம் ஆசிரியர் அவர்தானா என்பது வேறு கேள்வி. ஆண்டு இல்லாத பெயர்களை நான் தனிக் கோப்பில் ஒதுக்கிவிடுகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பதிவின் ஆதாரக் குறிப்பில் எந்த நூலின் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்து, அது நம் அலமாரியில் இருக்கும் நூலோடு ஒத்துப்போனால்தான் எண் ஏறும்.