கடற்பாசியும் கடலின் நலமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடற்பாசிகளுக்கு வேர் கிடையாது. பற்றுறுப்பால் பாறையைப் பிடித்துக்கொண்டு, உடல் முழுவதாலும் நீரிலிருந்து ஊட்டம் எடுத்து வளர்பவை அவை. இடம்பெயர முடியாததால், கடலில் எது கலந்தாலும் நின்ற இடத்திலேயே அதைத் தாங்கியாக வேண்டும். எந்தப் பாசி தாங்குகிறது, எது மறைகிறது என்பதைக் கொண்டு கரையோரக் கடலின் நிலையை மதிப்பிடுகிறார்கள். 2000-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய நீர்க் கட்டமைப்பு ஆணையும் கரையோர நீரின் தரத்தைக் காட்டும் உயிரினங்களில் பெரும்பாசிகளைச் சேர்த்திருக்கிறது. இந்த முறை குறித்து நிலவும் தவறான எண்ணங்கள் சில.

நம்பிக்கை 1: பாசி மிகுந்திருந்தால் கடல் செழிப்பாக இருக்கிறது.

உண்மை: அளவைவிட இனமே முக்கியம். 2008 ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குச் சற்று முன், சீனாவின் சிங்தாவ் கடற்கரையை உல்வா என்னும் பச்சைப் பாசி மூடியது. சுமார் 10 லட்சம் டன் பாசியை அள்ள வேண்டியிருந்தது. தெற்கே ஜியாங்சு கரையில் நோரிப் பாசி வளர்க்கும் மிதவைகளில் தொற்றிய உல்வா, ஊட்டச்சத்து மிகுந்த நீரில் பெருகி வடக்கே மிதந்து வந்ததாக ஆய்வுகள் காட்டின. பிரான்சின் பிரித்தானி கரையிலும் பல பத்தாண்டுகளாக இதே தொல்லை. அங்கே விளைநிலங்களிலிருந்தும் கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் வடியும் நைட்ரேட்தான் காரணம். குவிந்து அழுகும் பாசியிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறுகிறது. 2009-இல் அந்த வாயுவால் அங்கு ஒரு குதிரை இறந்தது. உல்வாவின் உடல் ஓரிரு செல் அடுக்குத் தடிப்பே உள்ளது. அதனால் நைட்ரஜனை விரைவாக உறிஞ்சி, மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்கிறது.

நம்பிக்கை 2: பாசி என்றாலே அசுத்தத்தின் அடையாளம்.

உண்மை: தடித்த உடலும் பல ஆண்டு ஆயுளும் கொண்ட பாசிகள் பெரும்பாலும் நல்ல நீரின் அடையாளம். மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை எனப்படும் சார்காசம் இவ்வகையைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலில் சிஸ்டோசெய்ரா குழு இந்த இடத்தில் இருக்கிறது. இவை மெதுவாக வளர்பவை, வெளிச்சம் வேண்டுபவை. பாறையில் வண்டல் படிந்தால் இவற்றின் இளம் முளைகள் ஒட்ட முடியாது. கழிவும் கலங்கலும் கூடும்போது இவை பின்வாங்க, உல்வா போன்றவையும் இழைப் பாசிகளும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. கிரேக்க ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட சூழலியல் மதிப்பீட்டுக் குறியீடு, இவ்விரு குழுக்களும் பாறையில் எவ்வளவு பரப்பை மூடியிருக்கின்றன என்பதை வைத்தே கணிக்கப்படுகிறது. கடல் சீற்றத்தில் பிய்ந்து கரையில் ஒதுங்கும் கட்டக்கோரை மாசுக்குச் சான்று ஆகாது.

நம்பிக்கை 3: நீரை ஆய்வகத்தில் சோதித்தாலே போதும்.

உண்மை: நீர் மாதிரி, எடுத்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவு காலைக்குள் அலையில் கரைந்துவிடலாம். பாசிக் கூட்டத்தில் மாதங்கள், ஆண்டுகளின் விளைவு பதிந்திருக்கும். பால்டிக் கடலின் சுவீடன் கரையில் 1940-களில் 11.5 மீட்டர் ஆழம் வரை வளர்ந்த பியூகஸ் என்னும் பழுப்புப் பாசி, 1984-இல் 8.5 மீட்டரோடு நின்றுவிட்டது. ஊட்டச்சத்து மிகுந்து நீர் கலங்கியதால் அடியில் வெளிச்சம் குறைந்ததே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. பாசியின் திசுவும் தடயம் தரும். கழிவுநீரில் வரும் நைட்ரஜனில் பெரும்பாலும் நைட்ரஜன்-15 என்ற கனமான ஐசோடோப்பின் விகிதம் கூடுதலாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் மோர்டன் விரிகுடாவில் கழிவு எதுவரை பரவுகிறது என்று இதைக் கொண்டு வரைபடமாக்கினார்கள்.

நம்பிக்கை 4: பாசிக் கூட்டம் மாறினால் கழிவுநீரே காரணம்.

உண்மை: மாற்றம் நடந்திருப்பதைப் பாசி காட்டும், காரணத்தைத் தனியே தேட வேண்டும். ஜமைக்காவில் 1970-களின் இறுதிக்கும் 1990-களின் தொடக்கத்துக்கும் இடையில் பவளப் பரப்பு 52 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகச் சரிந்தது. பாசிப் பரப்பு 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதமானது. பாசி மேயும் மீன்கள் மிகையாகப் பிடிக்கப்பட்டதும், 1980-இல் வீசிய ஆலன் புயலும், 1983-இல் பாசி மேயும் கடல் முள்ளெலிகள் நோயால் மடிந்ததும் அதற்கு முதன்மைக் காரணங்கள் எனக் கண்டறியப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011-இல் வந்த கடல் வெப்ப அலை, சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெல்ப் என்னும் பெரும்பாசிக் காடுகளை அழித்தது. அங்கே காரணம் வெப்பம். மன்னார் வளைகுடாவில் அகார் எடுக்க உதவும் மரிக்கொழுந்துப் பாசியை மீனவப் பெண்கள் கையால் பறித்து வந்திருக்கிறார்கள். அங்கு அது குறைந்தால், மாசைக் குற்றம் சொல்லும் முன் அறுவடை அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம்பிக்கை 5: ஒரே அளவுகோல் எல்லாக் கரைக்கும் பொருந்தும்.

உண்மை: ஒரு கரையை அதே தன்மையுள்ள, மனிதத் தாக்கம் குறைந்த கரையோடுதான் ஒப்பிட வேண்டும். ஆற்று முகத்தில் உப்புத்தன்மை குறைவதாலேயே உல்வா மிகுந்திருக்கலாம். பவளத் திட்டில், பவளத்தை மூடும் அளவுக்குப் பெருகினால் சார்காசமும் கெட்ட செய்திதான். பருவமும் முக்கியம்: சார்காசத்தின் மேல்தண்டு ஆண்டுதோறும் உதிர்ந்து, அடிப்பகுதி மட்டும் எஞ்சும், அப்போது கணக்கெடுத்தால் கரை வெறுமையாகத் தோன்றும். 2007-இல் வெளியான, ஸ்பெயினின் கட்டலோனியாவில் உருவான கார்லிட் முறையில், படகில் கரையை ஒட்டிச் சென்று பாறைப் பாசிக் கூட்டங்களை வரைபடத்தில் குறிக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு. சிஸ்டோசெய்ரா அடர்ந்த பாறைக்கு மதிப்பு உயர்வு. கிடைத்த எண்ணை அதே வகைப் பாறையின் ஒப்பீட்டு மதிப்பால் வகுத்து 0 முதல் 1 வரையிலான விகிதமாக்கி, மிக நன்று, நன்று, மிதம், மோசம், மிக மோசம் என ஐந்து தரங்களில் ஒன்றை அளிக்கிறார்கள். ஒரே இடத்தை ஒரே பருவத்தில் ஆண்டுதோறும் அளந்தால்தான், கடல் தேறுகிறதா சீர்கெடுகிறதா என்பதை இந்த எண்ணிலிருந்து சொல்ல முடியும்.