கச்சான் தடை மட்டும் போதுமா?

நாம் விரும்பிக் கொறிக்கும் கச்சான் சிலருக்கு உயிராபத்தானது. அதன் புரதத்தை அவர்களது உடல் எதிரியாகக் கருதிப் போராடும்போது தொண்டை வீங்கும், மூச்சுத் திணறும், இரத்த அழுத்தம் வீழும். உடனே அட்ரினலின் ஊசி ஏற்ற வேண்டும். நடுவானில் வைத்தியசாலை ஏது? அதனால்தான் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானச் சேவை 2018 ஓகஸ்டில் கச்சான் வழங்குவதை நிறுத்தியது.

இது நல்லதே. எனினும் தடை மட்டும் போதாது என்பதே என் கருத்து. 2016இல் லண்டனிலிருந்து பிரான்ஸ் சென்ற 15 வயது மாணவி ஒருத்தி, விமான நிலையக் கடையில் வாங்கிய சான்ட்விச்சை உண்டாள். பாணின் மாவில் எள்ளு கலந்திருந்தது. உறையில் அது குறிப்பிடப்படவில்லை. விமானத்தில் அட்ரினலின் ஊசி ஏற்றியும் அவள் பிழைக்கவில்லை. கச்சான் தடை அவளைக் காத்திருக்காது. அவளது பெற்றோரின் முயற்சியால், கடையிலேயே பொதி செய்யப்படும் உணவிலும் சேர்பொருட்களை முழுமையாக எழுத வேண்டும் என்ற சட்டம் 2021இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே விமானச் சேவைகள் தாம் வழங்கும் உணவில் என்ன உள்ளது என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும். அட்ரினலினையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்கு ஒவ்வாமை என்று அறிந்தால், நமது கச்சான் பொதியைத் தரையிறங்கும்வரை திறக்காதிருப்போம். நமக்கு அது சிறு பொறுமை, அவருக்கோ உயிர்.